டி ஆன்சாவுக்கு ஆறு எழுத்துதான்: பே ஏரியாத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கூப்பர்டினோ, சன்னிவேல், சான் ஹோசே, ஃப்ரீமான்ட் வாழ் தமிழ்ப் பெற்றோர்களுக்கு வணக்கம்.

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்களின் போக்கே மாறிவிடும். யார் வீட்டுப் பிள்ளைக்கு எங்கே கிடைத்தது என்ற செய்தி ஒவ்வொன்றாக வரும். வாழ்த்து, பூங்கொத்து, கைகூப்பல். செய்தி போடாத வீடுகள் எவை என்பதும் இரண்டு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். 2022-இல் செய்தி போடாத வீடு எங்களுடையது.

பையன் விண்ணப்பித்த யூ.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்களில் எல்லாம் கணினி அறிவியல் கேட்டிருந்தான். சில இடத்தில் இல்லை என்றார்கள், சில இடத்தில் காத்திருப்போர் பட்டியல். வெளிமாநிலத்தில் ஒரு இடம் கிடைத்தது. அதன் கட்டணத்தை என் கணவர் காகிதத்தில் எழுதி, நான்கால் பெருக்கி, காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லியைப் பிட்டுக்கொண்டே பையன் சொன்னான், “நான் டி ஆன்சா போறேன்.” கூப்பர்டினோவில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜ் அது; முதல் இரண்டு ஆண்டை அங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். சரி என்றோம். வீட்டுக்குள் அதோடு முடிந்தது. வெளியேதான் முடியவில்லை.

அவன் படித்த தமிழ்ப் பள்ளியில் ஆண்டு விழாவன்று, பன்னிரண்டாவது முடிக்கும் பிள்ளைகளின் படங்களைத் திரையில் ஓடவிடுவார்கள். படம், பெயர், அதன் கீழே சேரப்போகும் கல்லூரி. அதற்கு ஒரு கூகுள் ஃபார்ம் வந்தது. பெயரை நிரப்பினேன், படத்தை ஏற்றினேன். கல்லூரி என்ற கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. முந்தின வாரமே அவன் டி ஆன்சாவில் பதிவு செய்து மாணவர் எண்ணும் வாங்கியிருந்தான். நான் ‘அன்டிசைடட்’ என்று எழுதி அனுப்பினேன்.

விழா நாளில் பெர்க்லிக்கு விசில் அடித்தார்கள். சான் டியேகோவுக்குப் பலத்த கைதட்டல். எங்கள் பையன் படம் வந்தபோது ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் இரண்டு மூன்று பேர் இரக்கத்தோடு தட்டினார்கள். அவன் தட்டில் இருந்த கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். காரில் ஏறி சீட் பெல்ட் போட்ட பிறகுதான் வாய் திறந்தான்: “அன்டிசைடட்ல ஒன்பது எழுத்தும்மா. டி ஆன்சால ஆறுதான்.”

இதை எழுத எனக்கு இத்தனை நாள் பிடித்திருக்கிறது. அந்தக் கல்லூரியைப் பற்றி ஒன்றும் தெரியாததால் அப்படி எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நானே அங்கே படித்தவள்.

2003-இல், கணவரின் வேலை விசாவை ஒட்டித் தரும் எச்-4 விசாவில் வந்தேன். ஊரில் பி.காம்., ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு ஆண்டு வேலை. இங்கே வேலை செய்யக்கூடாது. ஆனால் படிக்கலாம் என்பதைப் பக்கத்து அபார்ட்மென்ட் அக்கா ஒருவர்தான் சொன்னார். எச்-4 விசாக்காரர்களும் கலிஃபோர்னியாவில் ஒரு ஆண்டும் ஒரு நாளும் குடியிருந்ததைக் காட்டிவிட்டால் உள்ளூர்க்காரருக்கான கட்டணமே போதும் என்பதையும் அவர்தான் சொன்னார். 2008 செப்டம்பரில், பையனை ப்ரீஸ்கூலில் விட்ட கையோடு, டி ஆன்சாவில் கணக்கியல் வகுப்புக்குப் போனேன். அது ஊரே வேலை இழந்துகொண்டிருந்த நேரம். வகுப்பில் இடமில்லை. சுவரோரமாக வரிசையாக நின்றோம், ஆசிரியர் கொடுக்கப்போகும் சேர்க்கை எண்ணுக்காக. எனக்கு முன்னால் ஒருவர், நேற்றுவரை சிப் வடிவமைத்தவர். பின்னால் நகப்பூச்சுக் கடையில் வேலை செய்யும் ஒரு வியட்நாமியப் பெண்மணி.

முதல் இடைத்தேர்வன்று விடைத்தாள் அவர்கள் தருவார்கள் என்று நினைத்துப் பேனாவோடு போனேன். ஊர்ப்பழக்கம். இங்கே ஸ்கேன்ட்ரான் என்ற பச்சை அட்டையை நாமே வாங்கிக்கொண்டு வரவேண்டும், பென்சிலால் வட்டம் நிரப்ப வேண்டும். நான் விழித்ததைப் பார்த்து அந்த நகக்கடை அம்மா தன் பையிலிருந்து ஒரு அட்டையும், முனை சீவிய பென்சில் ஒன்றும் எடுத்து நீட்டினார். பெயர்கூட எனக்குச் சரியாகச் சொல்ல வராது. அந்த அட்டையில்தான் அமெரிக்காவில் என் முதல் மதிப்பெண் விழுந்தது.

சி.பி.ஏ. என்ற கணக்காளர் தேர்வெழுதி உரிமம் வாங்க, அப்போது கணக்கியலில் 24 யூனிட், வணிகப் பாடங்களில் 24 யூனிட் கேட்டார்கள். ஊர்ப் பட்டத்தில் குறைந்ததை டி ஆன்சாவிலும் ஃபுட்ஹில்லிலும் ஒவ்வொரு குவார்ட்டராக, அதாவது மூன்று மாதப் பருவமாகச் சேர்த்தேன். 2015 மே மாதம் எச்-4 காரர்கள் சிலருக்கு வேலை அனுமதி கிடைக்கும் என்று ஆனபோது என் கையில் தாள் தயாராக இருந்தது. இன்று வீட்டுக்கடனில் பாதி என் சம்பளத்தில் போகிறது. அப்படிப்பட்ட நான்தான் ‘அன்டிசைடட்’ என்று எழுதினேன்.

நான் மட்டுமா? நம்மில் எத்தனை பேர் அந்த வளாகத்தை மிதிக்காமல் இருக்கிறோம்? வந்த புதிதில் மாதத்தின் முதல் சனிக்கிழமை அங்கே நடந்த பழைய சாமான் சந்தையில் மேசை விளக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வளாகத்து அரங்கமான ஃபிளின்ட் சென்டரில் கச்சேரி கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில வகுப்பு, அனிமேஷன் வகுப்பு, மாலைநேர ஜாவா வகுப்பு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது போயிருப்பார்.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும்போது கோடை விடுமுறையில் டி ஆன்சாவில் கால்குலஸ் எடுக்கிறார்கள். பள்ளி மாணவர்களுக்கு அந்த வகுப்புகளில் யூனிட் கட்டணம் கிடையாது. ‘என் பையன் இப்பவே காலேஜ் கோர்ஸ் பண்றான்’ என்று பாட்லக்கில் சொல்லிக்கொள்கிறோம். பதினாறு வயதில் அவன் அந்த வகுப்பில் உட்கார்ந்தால் பெருமை. பதினெட்டு வயதில் அதே கட்டடத்தில், அதே ஆசிரியரிடம், அதே கால்குலஸுக்கு உட்கார்ந்தால் குரலைத் தாழ்த்துகிறோம். இரண்டு ஆண்டில் அந்தக் கல்லூரிக்கு என்ன ஆகிவிட்டது? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பெயரிலும் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஊரில் ‘கம்யூனிட்டி’ என்றாலே சாதிதான்; தாசில்தார் ஆபீசில் வாங்கும் கம்யூனிட்டி சர்டிஃபிகேட்தான் நினைவுக்கு வரும். என் பெரியப்பா போனில் கேட்டார், “கம்யூனிட்டி காலேஜா? எந்தக் கம்யூனிட்டிம்மா? அங்கயும் நம்ம ஆளுங்க வச்சிருக்காங்களா?” சரி, தமிழிலேயே சொல்வோம் என்று மாமியாரிடம் ‘சமுதாயக் கல்லூரி’ என்றேன். “ஏம்மா, சமுதாயக் கூடத்துலயா காலேஜ் நடக்குது?” என்றார். ஊரிலும் அந்தப் பெயரில் உண்டு அத்தை, புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-லேயே ஒன்று தொடங்கியது என்றேன். கல்யாண மண்டபத்தை அவர் மனதிலிருந்து அகற்ற முடியவில்லை.

இந்தக் கல்லூரிகள் எப்படி வந்தன என்று கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1901-இல் சிகாகோவுக்குத் தென்மேற்கே ஜோலியட் என்ற ஊரில் தொடங்குகிறது கதை. அங்கே உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஸ்டான்லி பிரவுன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடத்தை ஊர்ப் பள்ளியிலேயே நடத்திவிட்டால் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாமே என்பது இருவரின் யோசனை. ஆறு மாணவர்களோடு தொடங்கினார்கள். அமெரிக்காவின் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரி என்று அதைத்தான் சொல்கிறார்கள், இன்றும் நடக்கிறது.

கலிஃபோர்னியாவில் 1907-இல் ஒரு சட்டம் வந்தது, உயர்நிலைப் பள்ளிகள் அதற்கு மேற்பட்ட பாடங்களையும் நடத்தலாம் என்று. 1910-இல் ஃப்ரெஸ்னோ முந்திக்கொண்டது. காரணம் எளிது: திராட்சை விளையும் ஊர், கல்லூரி என்றால் பெர்க்லிக்கோ ஸ்டான்ஃபோர்டுக்கோ போகவேண்டும். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அது நடக்கிற காரியமா? அப்போதெல்லாம் இவற்றுக்கு ‘ஜூனியர் காலேஜ்’ என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்றபோது கூட்டம் பெருகியது. அதிபர் ட்ரூமன் அமைத்த குழு 1947-இல், எல்லாருக்கும் எட்டும் தூரத்தில், கட்டணம் இல்லாமல் அல்லது குறைந்த கட்டணத்தில் கல்லூரிகள் வேண்டும் என்றது. ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்ற பெயர் பரவியதும் அதற்கப்புறம்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். ஃபுட்ஹில் கல்லூரி மாவட்டம் 1957-இல் அமைந்தது. அடுத்த ஆண்டு மவுண்டன் வியூவில், எல் கமீனோ சாலையோரம் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் வகுப்பு தொடங்கியது. 1961-இல் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் குன்றுக்கு மாறினார்கள். 1967-இல் அதன் தங்கையாக டி ஆன்சா திறந்தது. கூப்பர்டினோவில் அப்போது ஆப்ரிகாட், பிளம் தோட்டங்கள் மிச்சமிருந்தன. கல்லூரி எழுந்த இடமே ஒரு பணக்காரரின் திராட்சைத் தோட்டம். வளாகத்துக்குள் வெள்ளை வெளேரென்று தூண்கள் வைத்த ஒரு மாளிகை நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். 1890-களில் பிரெஞ்சு அரண்மனை ஒன்றின் சாயலில் அந்தத் தோட்டக்காரர் கட்டியது. இப்போது கலிஃபோர்னியா வரலாற்று மையம் அதில் இருக்கிறது. நான் மூன்று ஆண்டு அதன் வாசல்படியில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டிருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாள்கூட எட்டிப் பார்க்காமல்.

ஃபிளின்ட் சென்டரில் 1984 ஜனவரி 24 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பையிலிருந்து ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவருடைய கூட்டாளி வாஸ்னியாக் அதே டி ஆன்சாவில் கொஞ்ச காலம் படித்தவர், பெர்க்லிக்குப் போவதற்கு முன்னால். அந்த அரங்கத்தை 2019-இல் மூடிவிட்டார்கள். மேக்கின்டாஷ் வந்த அதே 1984-இல்தான் கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் முதன்முதலாகப் பொதுக் கட்டணமும் வந்தது. அதுவரை படிப்புக்குக் காசு கிடையாது. 1978-இல் வீட்டுவரியைக் கட்டிப்போட்ட 13-ஆம் முன்மொழிவை இன்று நம்மில் வீடு வைத்திருக்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிறோம். கல்லூரிகளின் கஜானா சுருங்கியதும் அதே கதையின் இன்னொரு பக்கம். இது பேச எடுத்தால் சண்டைதான் வரும், விடுகிறேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1960-ஐப் பற்றி. அந்த ஆண்டு கலிஃபோர்னியா உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. யூ.சி.யின் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதன் மூளை. மாநிலத்தின் பள்ளி மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்குக்கு யூ.சி., முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எல்லாருக்கும் சமுதாயக் கல்லூரி என்று பிரித்தார்கள். கேட்டால் நம் ஊர் கட்-ஆஃப் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் ஒரு விஷயம் நம் ஊர் கட்-ஆஃபில் இல்லாதது. சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு நன்றாகப் படித்தவர்களுக்கு மூன்றாம் ஆண்டில் இடம் கொடுக்க வேண்டும், அதற்காகவே மேல் வகுப்புகளில் இடம் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே திட்டத்தில் எழுதினார்கள். ஆகவே டிரான்ஸ்ஃபரைப் பின்வாசல் என்று சொல்லாதீர்கள். வீடு கட்டும்போதே அளவெடுத்து வைத்த நிலைக்கதவு அது. இன்று யூ.சி.க்கு மாறி வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் கலிஃபோர்னியா சமுதாயக் கல்லூரிகளிலிருந்து வருகிறார்கள்.

ஊரில் பாலிடெக்னிக் முடித்து நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் நம் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்று பெரிய நிறுவனத்தில் டைரக்டர். அவரை யாராவது ‘நீங்க முதல் வருஷம் எங்க படிச்சீங்க’ என்று கேட்டதுண்டா?

கணக்குப் பிள்ளை என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டி ஆன்சாவில் உள்ளூர் மாணவருக்கு ஒரு யூனிட் 31 டாலர். யூ.சி.க்கு மாற 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். பெருக்கினால் 2,790 டாலர், சில்லறைக் கட்டணங்கள் தனி. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்துத்தான். யூ.சி.யில் ஒரே ஆண்டுக் கட்டணம் 14,000 டாலரைத் தாண்டும், தங்கும் அறையும் சாப்பாடும் சேர்க்காமல். முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்து முழுநேரம் படிப்பவர்களுக்கு ‘காலேஜ் பிராமிஸ்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு அந்த 31 டாலரும் இல்லை. என் கணவர் அந்த மடித்த காகிதத்தைச் சலவைக்குப் போடும்போதுதான் வெளியே எடுத்தார்.

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூ.சி. வளாகங்கள் ‘டேக்’ என்று ஒரு உறுதிமொழி தருகின்றன. சொன்ன பாடங்களை, சொன்ன மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் நிச்சயம். ஆறில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம், செப்டம்பர் மாதத்துக்குள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இதில் இல்லை. கணினி அறிவியல் போன்ற சில துறைகளுக்குச் சில வளாகங்கள் இந்த உறுதியைத் தருவதில்லை என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ‘கம்யூனிட்டி காலேஜ் வழியா பெர்க்லி சி.எஸ். ஈஸி’ என்று ஃபார்வர்டில் வந்தால் நம்பாதீர்கள். எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்குச் சமம் என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் பார்க்கலாம். கவுன்சிலரிடம் ஒருமுறைக்கு இருமுறை காட்டிச் சரிபார்க்கவும் வேண்டும்.

குறையும் சொல்கிறேன். சேர்கிற எல்லாரும் இரண்டு ஆண்டில் மாறிப் போய்விடுவதில்லை. பாதிப் பேர்கூடப் போவதில்லை. வேலை பார்த்துக்கொண்டு, குடும்பத்தைத் தாங்கிக்கொண்டு படிக்கிறவர்கள் அதிகம். கிழக்கு சான் ஹோசேயிலிருந்து 23-ஆம் எண் பேருந்தில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்தால் தெரியும். வளாகத்தில் மாணவர்களுக்கென்றே இலவச மளிகை கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே வரிசையும் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சுமை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவனுக்கு வேறு சுமை உண்டு. நண்பர்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். விடுதி வாழ்க்கை கிடையாது. காலையில் அதே அறை, அதே சமையலறை, அதே அம்மா. என் பையன் முதல் குவார்ட்டரில் இயற்பியலைப் பாதியில் விட்டான். எங்களிடம் சொல்லவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய் லைப்ரரி வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். அந்த நவம்பரில் வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டது மிகக் குறைவு. அவன் முகம் வாடியதற்கு இயற்பியல் எவ்வளவு காரணம், என்னுடைய அந்தக் கூகுள் ஃபார்ம் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஜனவரியில் ஒரு பாடம் குறைகிறதே என்று யூனிட் கணக்குக்காகச் சுற்றுச்சூழல் வகுப்பு ஒன்றை எடுத்தான். வளாகத்துக்குள்ளேயே கலிஃபோர்னியாவின் சொந்தச் செடிகளை வளர்க்கும் ஒரு தோட்டம் இருக்கிறது, சீஸ்மன் ஆய்வுத் தோட்டம் என்று பெயர். கடலோரம், புல்வெளி, காடு என்று மாநிலத்தின் வெவ்வேறு நிலங்களை அடுத்தடுத்துப் பாத்தி கட்டி வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பள்ளியில் ஐந்திணையை மனப்பாடம் செய்து ஒப்பித்தவன், முதல்முறையாக அதைப் பற்றித் தானாக வாய் திறந்தான்: “அம்மா, குறிஞ்சி, முல்லை எல்லாம் சும்மா லிஸ்ட் இல்ல. இடத்தைப் பொறுத்துச் செடி, செடியைப் பொறுத்துப் பூச்சி.” சனிக்கிழமைகளில் களை பிடுங்கப் போனான். கையில் கீறலோடு வருவான். நான் மஞ்சள் வைக்கட்டுமா என்பேன், வேண்டாம் என்பான்.

அவனுக்கு இரண்டல்ல, மூன்று ஆண்டு ஆனது. கணினி அறிவியலை விட்டான். ‘டேக்’ வழியாக டேவிஸில் இடம் வாங்கி, இப்போது அங்கே சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறான். பட்டத்தில் யூ.சி. டேவிஸ் என்றுதான் இருக்கும், டி ஆன்சா என்று எங்கேயும் வராது. அது கொஞ்சம் அநியாயம் என்று அவனே சொல்கிறான்.

டிரான்ஸ்ஃபரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்தக் கல்லூரிகளின் மற்ற பாதியை மறைத்தது போலாகிவிடும். நம் கண்ணுக்குப் படாத பாதி அது. டி ஆன்சாவில் ஆட்டோமொபைல் பிரிவு இருக்கிறது. போய்ப் பாருங்கள், லிஃப்டில் ஏற்றிய காரடியில் பெண்களும் நிற்பார்கள். சி.என்.சி. இயந்திரம் ஓட்டக் கற்றுத்தருகிறார்கள். செவிலியர் படிப்பு, வழக்கறிஞர் உதவியாளர் படிப்பு, குழந்தை வளர்ப்புக் கல்வி எல்லாம் உண்டு. ஃபுட்ஹில்லில் எக்ஸ்ரே எடுப்பவர், மூச்சுச் சிகிச்சையாளர், கால்நடை மருத்துவ உதவியாளர், ஆம்புலன்ஸில் வரும் பாராமெடிக் ஆகியோரை உருவாக்குகிறார்கள். பல் சுத்தம் செய்யும் நிபுணருக்கான படிப்பை இளங்கலைப் பட்டமாகவே தருகிறார்கள். 2014-இல் வந்த சட்டம் ஒன்று பதினைந்து கல்லூரிகளுக்கு அப்படி அனுமதி கொடுத்தது, ஃபுட்ஹில் அதில் ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாம் வாயைத் திறந்து காட்டுகிறோமே, அந்தக் கை எங்கே பழகியது என்று ஒருநாள் கேட்டேன். “ஃபுட்ஹில்” என்றார். வாயில் பஞ்சு இருந்ததால் மேற்கொண்டு பேச முடியவில்லை.

ஃப்ரீமான்ட்காரர்களுக்கு ஓலோனி, சரடோகாவில் வெஸ்ட் வேலி, சாண்டா கிளாராவில் மிஷன். மாநிலத்தில் மொத்தம் 116 கல்லூரிகள், ஏறக்குறைய 20 லட்சம் மாணவர்கள். ஹேவர்டில் இருக்கும் சாபோ கல்லூரியில்தான் நடிகர் டாம் ஹாங்க்ஸ் படித்தார். தன் வாழ்க்கைக்கு அந்தக் கல்லூரிதான் காரணம் என்று 2015-இல் செய்தித்தாளில் எழுதினார். மனித மரபணுத் தொகுதியைப் படித்த கிரெய்க் வென்டர், வியட்நாம் போரிலிருந்து திரும்பி காலேஜ் ஆஃப் சான் மடேயோவில் சேர்ந்தவர். சான் மடேயோவில் மலைமேல் இருக்கிறதே, அந்தக் கல்லூரி. இப்படிப் பெரிய பெயர்களைச் சொன்னால்தான் நாம் கேட்போம் என்பதால் சொன்னேன். எனக்கு அந்த நகக்கடை அம்மா போதும்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏப்ரலில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் ‘எங்க கிடைச்சுது’ என்று கேட்காதீர்கள். ‘என்ன படிக்கப் போறே’ என்று கேளுங்கள், அதற்கு எல்லாப் பிள்ளையிடமும் ஏதாவது பதில் இருக்கும். ‘பரவாயில்ல, ரெண்டு வருஷம்தானே’ என்று ஆறுதல் சொல்லாதீர்கள். யாரும் செத்துப்போகவில்லை. ஆண்டு விழாத் திரையை நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: ஒவ்வொரு பிள்ளையின் படத்தையும் ஒரே நேரம் நிறுத்துங்கள். சென்ற ஆண்டு ஸ்டான்ஃபோர்டு போன பெண்ணின் படம் எட்டு நொடி நின்றது, மற்றவர்களுக்கு மூன்று. எண்ணினேன். தொழில் பழக்கம்.

என் மகள் இப்போது பதினொன்றாவது. அடுத்த ஆண்டு அந்தக் கூகுள் ஃபார்ம் மறுபடியும் வரும். இந்த முறை அவளே நிரப்பிக்கொள்கிறாளாம், என் கையில் தரமாட்டாளாம்.

இதைப் படித்துவிட்டு, வரும் செப்டம்பரில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கிற வீடு ஒன்றாவது இருந்தால், ஒரு சின்ன யோசனை. குவார்ட்டர் தொடங்கும் முதல் இரண்டு வாரம் டி ஆன்சாவில் பார்க்கிங் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஸ்டெல்லிங் சாலைப் பக்கம் ஏழரைக்குள் போய்விடுங்கள். கொஞ்சம் தாமதமானாலும் வகுப்புக்கு வெகுதூரம் நடக்கவேண்டியிருக்கும், செப்டம்பர் வெயிலும் சுள்ளென்று அடிக்கும்.

அன்புடன்,
டி ஆன்சாவில் படித்த ஒரு அம்மா
சன்னிவேல்